கேட்டுக்கு உள்ள இருக்கிற அந்த 100 மீட்டர்: ஓஎம்ஆர் ஐடி பார்க் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை ஓஎம்ஆர்ல (பழைய மகாபலிபுரம் ரோட்ல) இருக்கிற ஐடி பார்க் கட்டிட நிர்வாகத்தினருக்கும், அதுக்குள்ள ஆபீஸ் வெச்சிருக்கிற கம்பெனிகளோட ஹெச்ஆர், அட்மின் டீம்ல இருக்கிறவங்களுக்கும்,

வணக்கம்.

நான் கீழ்க்கட்டளைல இருந்து துரைப்பாக்கத்துக்கு சைக்கிள்ல வேலைக்கு வர்றவ. போக 8 கிலோமீட்டர் சொச்சம், திரும்பி வர அதே அளவு. போன வருஷம் பொங்கல் லீவு முடிஞ்ச வாரம் ஆரம்பிச்சேன், நடுவுல ரெண்டு தடவ விட்டுட்டு மறுபடி ஆரம்பிச்சிருக்கேன். ரெண்டு தடவ விட்டதுக்கும் வெயில் காரணம் இல்ல, மழை காரணம் இல்ல, ரோட்டுல போற பஸ்ஸும் லாரியும் கூட காரணம் இல்ல, 8 கிலோமீட்டர் நல்லபடியா வந்து சேர்ந்தப்புறம் உங்க கேட்டுல இருந்து என் சீட்டு வரைக்கும் இருக்கிற அந்த 100 மீட்டர் தான் காரணம். அத பத்தி தான் இந்த மடல்.

எங்க கட்டிடத்து பேர எழுதல. யாரையும் மாட்டிவிடுறது என் எண்ணம் இல்ல, அதுவுமில்லாம மத்திய கைலாஷ் பக்கம் இருக்கிற ஃப்ரெண்டுல இருந்து சிறுசேரில இருக்கிற ஃப்ரெண்டு வரைக்கும் யார கேட்டாலும் ஏறக்குறைய இதே கதைய தான் சொல்றாங்க, அதனால இது உங்க எல்லாருக்குமே பொருந்தும்.

முடிவெடுக்கிற இடத்துல இருக்கிறவங்க பெரும்பாலும் கார்ல வர்றவங்க. ஒருத்தர் சைக்கிள்ல வேலைக்கு வர ஆரம்பிக்கிறதுன்னா அதுல என்னென்ன இருக்குன்னு உங்களுக்கு தெரிய வாய்ப்பு கம்மி, அதனால அத மொதல்ல சொல்லிடுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

சைக்கிள் வாங்கின உடனே மறுநாளே ஆபீஸுக்கு கெளம்பிட முடியாது. நான் மொதல்ல ஒரு ஞாயித்துக்கிழம காலைல அதே ரூட்ல சும்மா வந்து பாத்தேன், எங்க பள்ளம் இருக்கு, எங்க மெட்ரோ வேலைக்கு தடுப்பு போட்டு ரோடு குறுகுது, எந்த இடத்துல சர்வீஸ் ரோடு திடீர்னு முடிஞ்சு மெயின் ரோட்ல ஏறணும், எல்லாத்தையும் மனசுல குறிச்சுக்கிட்டேன். மேம்பாலத்துல ஏறக்கூடாது, கீழயே போகணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், பாலத்துல ஓரம்னு ஒண்ணே கிடையாது. அப்புறம் மொத மாசம் வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும் தான், செவ்வாயும் வியாழனும். திங்கக்கிழம பஸ்ல வரும்போதே மாத்து துணிய கொண்டு வந்து டிராயர்ல வெச்சிடுவேன், சைக்கிள்ல வர்ற அன்னைக்கு சுமை இருக்கக்கூடாதுன்னு.

ஜனவரில ஆரம்பிச்சது ரொம்ப நல்ல முடிவு. வடகிழக்கு பருவமழை ஓஞ்சிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, பிப்ரவரி கடைசி வரைக்கும் உடம்பு பழகிக்க டைம் கிடைக்கும். நேரா மே மாசம் கத்திரி வெயில்ல ஆரம்பிக்கிறவங்க மூணாவது நாளே விட்டுடுவாங்க, அவங்கள குத்தம் சொல்ல முடியாது.

எங்க தெரு முனை சைக்கிள் கடை அண்ணன் தான் எனக்கு வாத்தியார். சீட்ட ரொம்ப கீழ வெச்சு ஓட்டிட்டு இருந்தேன், நின்னா ரெண்டு காலும் தரைல முழுசா படணும்னு பயம், ஒரே வாரத்துல முட்டி வலி வந்துடுச்சு. அவர் தான் சீட்ல உக்கார வெச்சு குதிங்கால பெடல்ல வைக்க சொல்லி, பெடல் கீழ போகும்போது கால் நேரா நீளுற அளவுக்கு சீட்ட ஏத்திவிட்டார், வலி போயே போச்சு. காத்து எவ்ளோ அடிக்கணும்னு டயர் பக்கவாட்டுலயே அச்சடிச்சிருக்குங்கிறதும் அவர் காட்டி தான் தெரியும். வாரத்துக்கு ஒரு தடவ காத்து, மாசத்துக்கு ஒரு தடவ செயினுக்கு ஆயில், மழை காலத்துல பிரேக் கட்டை தேய்ஞ்சிருக்கான்னு பாக்குறது, வருஷத்துக்கு ஒரு ஓவராயிலிங். இவ்ளோ தான் பராமரிப்பு. முதுகுல பேக் மாட்டினா முதுகு முழுக்க நனைஞ்சிடுது, அதனால கேரியர்ல வெச்சு பழைய ட்யூப்ப வெட்டி கட்டிக்கிட்டேன், நம்ம ஊர்ல பால்காரர்ல இருந்து தபால்காரர் வரைக்கும் கட்டின அதே கட்டு. ஷால் போடாம வருவேன், வந்து போட்டுப்பேன், சக்கரத்துல ஷால் மாட்டினா என்ன ஆகும்னு சின்ன வயசுலயே ஊர்ல பாத்திருக்கேன்.

ரோட்ல ஓட்டுறதுக்கும் ஒரு பழக்கம் வேணும். ஓரமா போனா பாதுகாப்புன்னு தான் எல்லாரும் நெனைப்போம், ஆனா ரொம்ப ஓரத்துல தான் மண்ணு, கண்ணாடி சில்லு, மூடி இல்லாத வடிகால், நிறுத்தின கார்ல இருந்து பட்டுனு தொறக்கிற கதவு எல்லாம் இருக்கு. நிறுத்தியிருக்கிற கார்ல இருந்து ஒரு மீட்டர் தள்ளியே போகணும், பின்னாடி ஹாரன் அடிச்சாலும் பரவால்ல. பெரிய சிக்னல்ல வலது பக்கம் திரும்ப நான் நடு ரோட்டுக்கு போகவே மாட்டேன், நேரா அந்த பக்கம் போய் நின்னு, அந்த சிக்னல் விழுந்ததும் மறுபடி நேரா போவேன், ஒரு நிமிஷம் கூட ஆகும், அவ்ளோ தான். மழை தண்ணி தேங்கி இருக்கிற இடத்துல போகவே கூடாது, அடில என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது, இறங்கி தள்ளிட்டு வந்துடுவேன்.

இன்னொரு விஷயம் எனக்கு ரெண்டு மாசம் கழிச்சு தான் புரிஞ்சது. 200 அடி ரேடியல் ரோடு ஏறக்குறைய கிழக்கு மேற்கா போகுது. காலைல நான் கிழக்க பாத்து வர்றேன், சாயங்காலம் மேற்க பாத்து போறேன், ரெண்டு நேரமும் சூரியன் நேரா கண்ணுல. எனக்கு மட்டும் இல்ல, என் பின்னாடி வர்ற கார்காரருக்கும் அதே தான், அவருக்கு நான் தெரியவே மாட்டேன். அதனால பட்டப்பகல்லயும் பின்னாடி செகப்பு லைட்ட விட்டு விட்டு எரிய விடுவேன். ஆனா அதே ரூட்ல ஒரு வரமும் இருக்கு, மத்தியானத்துக்கு மேல கடல்காத்து ஏறிடும், சாயங்காலம் வீட்டுக்கு போகும்போது அது முதுகுல கைய வெச்சு தள்ளுற மாதிரி இருக்கும், நாள் பூரா மீட்டிங்ல உக்காந்த களைப்பு அந்த காத்துலயே பாதி போயிடும்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்த தாண்டும்போது நான் தினம் வேகத்த கொறைப்பேன். 2022ல ராம்சார் இடமா, அதாவது உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலமா அறிவிச்ச நெலம் அது. கூழைக்கடா கூட்டமா தண்ணில நிக்கும், சில மாசத்துல பூநாரை கூட வரும். பெருங்குடி குப்பை மேட்டு நாத்தமும் அதே காத்துல தான் வரும், அதையும் சொல்லாம இருக்க முடியல. நாலு வருஷம் அதே ரோட்ல கேப்ல போயிருக்கேன், ஒரு பறவைய பாத்ததில்ல, ஃபோன பாத்துட்டு போயிருக்கேன்.

சரி, இப்படி எல்லாத்தையும் கத்துக்கிட்டு, 35 நிமிஷம் மிதிச்சு, காலைல எட்டே காலுக்கு உங்க கேட்டுக்கு வந்து நிக்கிறேன். அங்க என்ன நடக்குது தெரியுமா?

மொத நாள் செக்யூரிட்டி அண்ணன் கைய நீட்டி நிறுத்தினார். "மேடம், சைக்கிள் இந்த பக்கம் விட மாட்டாங்க, பின்னாடி வெண்டார் கேட் இருக்கு, அது வழியா வாங்க." நான் ஐடி கார்ட காட்டினேன். "எனக்கு தெரியுது மேடம், மேல இருந்து அப்படி சொல்லியிருக்காங்க, நான் விட்டா எனக்கு தான் மெமோ." அவர் மேல எனக்கு கோவம் இல்ல, அவரே சைக்கிள்ல தான் வர்றார்னு அப்புறம் தெரிஞ்சது. கார்டு தட்டினா தொறக்கிற அந்த தடுப்பு கட்டை காருக்கும் பைக்குக்கும் தான் பதிவு, வண்டி நம்பர் இருந்தா தான் சிஸ்டம்ல ஏத்த முடியும், சைக்கிளுக்கு நம்பர் ஏது? அதனால நான் அந்த சிஸ்டத்துக்கு ஒரு ஆளே இல்ல.

ரெண்டு வாரம் கெஞ்சி கேட்டதுக்கு அப்புறம் பேஸ்மெண்ட் ரெண்டாவது தளத்துல விட்டுக்கோங்கன்னு சொன்னாங்க. அந்த ரேம்ப்ல நீங்க ஒரு தடவ சைக்கிள தள்ளிட்டு ஏறி பாக்கணும். இறங்கும்போது பிரேக்க புடிச்சு புடிச்சு கை வலிக்கும், தரை வழவழன்னு இருக்கும், சாயங்காலம் ஏறும்போது மிதிக்க முடியாது, தள்ளிட்டு தான் வரணும், பின்னாடி கார் வரிசையா நின்னு ஹாரன் அடிக்கும். என் கூட வேலை பாக்குற ஆளுங்க தான் அந்த கார்ல இருப்பாங்க. தினம் சாயங்காலம் அந்த ஹாரன் சத்தத்துல கூனி குறுகி ஏறினது தான் நான் மொத தடவ சைக்கிள விட்டதுக்கு காரணம்.

ரெண்டாவது தடவ விட்டது அக்டோபர்ல, விழுந்ததால. கேட்டுக்கு கீழ மழைத்தண்ணி போறதுக்கு இரும்பு கம்பி போட்ட மூடி இருக்கே, அதுல கம்பி எல்லாம் வண்டி போற திசைலயே நேரா ஓடுது. கார் டயருக்கு ஒண்ணும் ஆகாது, பைக் டயரும் தாண்டிடும், சைக்கிள் டயர் ரெண்டு கம்பிக்கு நடுவுல இறங்கி மாட்டிக்கும். மழைல அது மாட்டி, நான் ஹேண்டில் பாருக்கு மேல போய் விழுந்தேன். ஹெல்மெட் போட்டிருந்ததால தலை தப்பிச்சது, மணிக்கட்டுல கட்டு போட்டு மூணு வாரம் லீவு. அட்மின்ல எழுதி கொடுத்தேன். அந்த மூடிய தூக்கி கம்பி குறுக்க வர்ற மாதிரி மாத்தி போட்டா போதும், வேற எதுவும் வேண்டாம்னு படம் வரைஞ்சு கொடுத்தேன். இன்னும் அப்படியே தான் இருக்கு.

ரெண்டு தடவ விட்டவ ஏன் மறுபடி வந்தேன்னா, அதுக்கு எங்க அம்மா காரணம்.

எங்களுக்கு சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம், கீரனூர் பக்கம். 1990கள் ஆரம்பத்துல அங்க அறிவொளி இயக்கம் நடந்தப்போ, எழுத்து கத்துக்கொடுத்ததோட சேர்த்து பொம்பளைங்களுக்கு சைக்கிளும் கத்துக்கொடுத்தாங்க, அப்போ கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா அத ஒரு இயக்கமாவே நடத்தினாங்க. பல்லாயிரக்கணக்கான பொம்பளைங்க சைக்கிள் ஏறினாங்க, 1992ல மகளிர் தினத்துக்கு பொம்பளைங்க மட்டுமே கலந்துக்கிட்ட சைக்கிள் பேரணி எல்லாம் நடந்துச்சு. ஊர்ல ஆம்பளைங்க கண்டபடி பேசினாங்கன்னு அம்மா சொல்லுவாங்க. அம்மா அங்கன்வாடில வேலை, பக்கத்து ஊருக்கு போகணும், பஸ் ஒரு நாளைக்கு ரெண்டு தடவ தான் வரும், அதுவரைக்கும் நடை. சைக்கிள் கத்துக்கிட்டதும் ஒரு ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கினாங்க, ஏன்னா முன்னாடி பார்ல என்னை உக்கார வெச்சுக்கலாம், பின்னாடி கேரியர்ல ரெண்டு குடம் கட்டிக்கலாம். அந்த பார்ல ஒரு துண்ட சுத்தி அதுமேல நான் உக்காந்து போனது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. சைக்கிள்ல வேலைக்கு போறத ஏதோ புதுசா வெளிநாட்டுல இருந்து வந்த பழக்கம் மாதிரி இங்க சில பேர் பேசும்போது எனக்கு அம்மா ஞாபகம் தான் வரும்.

நான் கட்டோட ஊருக்கு போனப்போ அம்மா கேட்டாங்க, "ஏண்டி, ஊர் சொல்லுதுன்னு நான் விட்டிருந்தா உன்ன படிக்க வெச்சிருக்க முடியுமா?" அவ்ளோ தான் கேட்டாங்க. டிசம்பர் மழை விட்டதும் நான் மறுபடி கெளம்பிட்டேன்.

இந்த தடவ பேஸ்மெண்டுக்கு போக மாட்டேன்னு முடிவு பண்ணி, வெண்டார் கேட் வழியாவே உள்ள வந்தேன். அப்போ தான் நான் அது வரைக்கும் பாக்காத ஒண்ண பாத்தேன், இந்த மடல எழுத வெச்சதே அது தான்.

கட்டிடத்துக்கு பின்னாடி, ஜெனரேட்டருக்கும் கழிவுநீர் சுத்திகரிக்கிற இடத்துக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு. அங்க முப்பது சைக்கிளுக்கு மேல நின்னுட்டு இருந்துச்சு. சுவர்ல சாத்தி, ஒண்ணு மேல ஒண்ணு, ஒரு கூரை கிடையாது, தரைல சிமெண்ட் கூட கிடையாது. சீட்டுக்கு எல்லாம் பிளாஸ்டிக் கவர் கட்டியிருந்துச்சு. யாரோடதுன்னு கேட்டேன். ஹவுஸ்கீப்பிங் அக்காங்க, கார்டன் வேலை பாக்குறவங்க, கேன்டீன் பசங்க, செக்யூரிட்டி அண்ணங்க. எங்க ஃப்ளோர்ல வேலை பாக்குற ஒரு அக்கா கண்ணகி நகர்ல இருந்து ஏழு வருஷமா சைக்கிள்ல வர்றாங்க, ஏழு வருஷம்! தினம் எனக்கு காபி மெஷின் பக்கத்துல குட்மார்னிங் சொல்றவங்க. "நாங்க எப்பவும் இங்க தான் விடுவோம்மா, மழைன்னா நனையும், ஒரு தடவ ரெண்டு சைக்கிள் காணாம போச்சு, கேமரா இந்த பக்கம் இல்ல, யாரு கிட்ட போய் கேக்குறது"ன்னாங்க.

நான் ஒருத்தி வந்து ஸ்டாண்டு கேட்டு மெயில் மேல மெயில் போட்டப்போ எல்லாம் எனக்கு வந்த பதில், "சைக்கிள்ல வர்றவங்க எண்ணிக்கை மிகக் குறைவு, தேவை ஏற்படும்போது பரிசீலிக்கிறோம்". முப்பது பேர் பின்னாடி இருக்காங்க. அவங்கள எண்ணிக்கைல சேர்க்கல, அவ்ளோ தான். அவங்க சம்பளம் காண்ட்ராக்டர் கிட்ட இருந்து வருதுங்கிறதால அவங்க சைக்கிள் சைக்கிள் இல்லன்னு ஆயிடுமா? இத நெனைச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு எரியுது. இவ்ளோ நாள் நான் எனக்காக மட்டும் கேட்டுட்டு இருந்தேன், அந்த சந்த பாத்த அன்னைக்கு அது தப்புன்னு புரிஞ்சது.

ஜூன் 3 உலக சைக்கிள் தினம், ஐநா சபை 2018ல அறிவிச்சது. அன்னைக்கு எங்க லாபில ஒரு புது சைக்கிள பூ அலங்காரம் பண்ணி மேடைல நிறுத்தி, எல்லாரும் அதுகிட்ட நின்னு ஃபோட்டோ எடுத்துக்கிட்டாங்க, பசுமை உறுதிமொழி எடுத்தாங்க. அதே நாள் காலைல கண்ணகி நகர் அக்கா சைக்கிள் பஞ்சர் ஆகி, வெண்டார் கேட்டு பூட்டியிருந்ததால முன் கேட்டுல தள்ளிட்டு வந்தாங்க, அவங்கள சுத்தி அனுப்பினாங்க. உங்கள்ல யாருக்கும் இது தெரிஞ்சிருக்காது, அந்த நேரத்துல நீங்க உள்ள இருந்திருப்பீங்க. அதனால தான் சொல்றேன்.

அதே லாபில சுவர்ல ஒரு பலகை இருக்கு, லீட் கிரீன் பில்டிங் சான்றிதழ். ஓஎம்ஆர்ல நெறைய கட்டிடத்துல இது இருக்கு. அந்த மதிப்பீட்டு முறைல சைக்கிள் நிறுத்த இடமும் குளிக்க ஷவரும் கொடுத்தா அதுக்குன்னே தனியா மதிப்பெண் உண்டு. கட்டாயம் கிடையாது தான், உங்க கட்டிடம் அத வாங்கிச்சா இல்லையாங்கிறது உங்க ஃபைல்ல இருக்கும், எடுத்து பாருங்க. எங்க கட்டிடத்துல மொத பேஸ்மெண்ட்ல ஒரு ஷவர் ரூம் இருக்கு, டைல்ஸ் எல்லாம் போட்டு நல்லா தான் கட்டியிருக்காங்க, பூட்டு போட்டு உள்ள கால் ஒடஞ்ச நாற்காலி எல்லாம் அடுக்கி வெச்சிருக்காங்க. அந்த நாற்காலிய வேற எடத்துக்கு மாத்துறதுக்கு ஒரு நாள் வேலை.

குளியல பத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா "ஏசி ஆபீஸ்ல வேர்வையோட எப்படிம்மா உக்காருவ"ன்னு தான் எல்லாரும் மொதல்ல கேக்குறாங்க. சென்னை காத்துல ஈரம் அதிகம், மிதிக்கும்போது வேர்க்கிறத விட நின்னதுக்கு அப்புறம் தான் கொட்டும். கடைசி ரெண்டு கிலோமீட்டர் மெதுவா வந்து, ஒரு ஃபேன் கீழ பத்து நிமிஷம் உக்காந்து, அப்புறம் முகம் கை கால் கழுவி துணி மாத்தினா ஏப்ரல் வரைக்கும் சமாளிக்கலாம். அதுக்கு மேல ஒரு பக்கெட் தண்ணியும் ஒரு மக்கும் வேணும், அவ்ளோ தான். வெந்நீர் கேக்கல, கண்ணாடி கதவு போட்ட ஷவர் கேக்கல. நான் இப்போ மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவறைல துணி மாத்துறேன், அது எனக்கு உறுத்தலா இருக்கு, அது வேற ஒருத்தருக்கு அவசரமா தேவைப்படலாம், ஆனா வேற இடம் இல்ல.

இனி என்ன வேணும்ங்கறத சொல்றேன். ஒண்ணும் பெருசா இல்ல.

மொதல்ல அந்த கம்பி மூடி. அது செலவே இல்லாதது, அடுத்த மழைக்கு முன்னாடி பண்ணுங்க, விழப்போறது நானா தான் இருக்கணும்னு இல்ல, அந்த கேன்டீன் பசங்கள்ல ஒருத்தனா இருக்கலாம்.

அப்புறம் ஸ்டாண்டு. தரை மட்டத்துல, கேட்டுக்கு பக்கத்துல, செக்யூரிட்டி கண்ணுல படுற மாதிரி, மேல ஒரு தகர ஷீட். ஒரு கார் நிறுத்துற கட்டம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதுல பத்து சைக்கிள் தாராளமா நிக்கும். நான்கு கார் இடம் கொடுத்தா பின்னாடி இருக்கிற முப்பது பேரோடதும், என்ன மாதிரி புதுசா வர்றவங்களோடதும் நிறுத்திடலாம். தயவு செஞ்சு முன் சக்கரத்த மட்டும் சொருகுற மாதிரி ஸ்டாண்டு வாங்காதீங்க, பக்கத்து சைக்கிள் சாஞ்சா சக்கரம் கோணிடும், பூட்டறதுக்கும் சக்கரம் மட்டும் தான் சிக்கும், திருடுறவன் சக்கரத்த விட்டுட்டு மீதிய எடுத்துட்டு போயிடுவான். நம்ம 'ப' எழுத்த கவுத்து போட்ட மாதிரி இரும்பு பைப்ப வளைச்சு தரைல பதிச்சா போதும், ஒரு பைப்புக்கு இந்த பக்கம் ஒண்ணு அந்த பக்கம் ஒண்ணு, ஃப்ரேமையும் சக்கரத்தையும் சேர்த்து பூட்டலாம். துரைப்பாக்கத்துலயே எத்தனையோ வெல்டிங் பட்டறை இருக்கு, எவ்ளோ ஆகும்னு நீங்களே கேட்டு பாருங்க, லாபில பூ அலங்காரம் பண்ண செலவோட ஒப்பிட்டு பாருங்க.

கேட்டுல சைக்கிளுக்கு ஒரு அனுமதி. ஐடி கார்டு போதும், காண்ட்ராக்ட் ஆளுங்க கார்டும் அதுல சேரணும். ராத்திரி நிறுத்தவும் விடணும், இது முக்கியம், சாஃப்ட்வேர் ரிலீஸ் நாள்ல லேட் ஆனா என்ன கேப்ல தான் அனுப்புவீங்க, அப்போ சைக்கிள் அங்கயே இருக்கணும், இப்போ இரவு நிறுத்தக்கூடாதுன்னு ரூல் இருக்கிறதால லேட் ஆகும்னு சந்தேகம் வந்தாலே நான் அன்னைக்கு சைக்கிள் எடுக்கிறதில்ல. சில பார்க்ல சைக்கிளுக்கும் பைக்குக்கு வாங்குற அதே மாச பார்க்கிங் காசு வாங்குறதா ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, அத நிறுத்துங்க. செக்யூரிட்டி ரூம்ல காத்தடிக்கிற பம்ப் ஒண்ணும், பஞ்சர் ஒட்டுற சாமான் ஒரு டப்பாலயும் வெச்சா அந்த அக்கா அன்னைக்கு தள்ளிட்டு போன மாதிரி யாரும் தள்ள வேண்டாம்.

ஹெச்ஆர்ல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு. நம்ம சம்பள அமைப்புல கார் லீஸ் இருக்கு, பெட்ரோல் காசு திரும்ப வாங்கறது இருக்கு. பிரிட்டன்ல 1999ல இருந்தே கம்பெனி மூலமா சைக்கிள் எடுத்து சம்பளத்துல மாசா மாசம் கழிச்சுக்கற திட்டம் இருக்கு, வரிச் சலுகையோட. இங்க வரிச் சலுகை உங்க கைல இல்ல, புரியுது, ஆனா வட்டி இல்லாம சம்பள முன்பணமா கொடுக்கிறது உங்க கைல இருக்கு. எங்க டெஸ்டிங் டீம்ல ஒரு பையன் மேடவாக்கத்துல இருந்து வர ஆசைப்படுறான், 15,000 ரூபாய மொத்தமா எடுக்க முடியல, அவன் இப்போ பைக்குக்கு போடுற பெட்ரோல் காச மாசா மாசம் கட்டினாலே ஒரு வருஷத்துல அடைஞ்சிடும்.

"ரோட்டையே சரி பண்ணல, நாங்க ஸ்டாண்டு வெச்சு என்ன ஆகப்போகுது"ன்னு ஒரு அட்மின் சார் என்கிட்ட கேட்டார். நியாயமான கேள்வி தான். சென்னை மாநகராட்சி 2014லயே மோட்டார் இல்லாத போக்குவரத்துக்குன்னு ஒரு கொள்கை கொண்டு வந்துச்சு, போக்குவரத்து பட்ஜெட்ல 60 சதவீதம் நடக்கிறவங்களுக்கும் சைக்கிள்காரங்களுக்கும் ஒதுக்கணும்னு அதுல எழுதியிருக்கு. இந்தியாவுலயே அப்படி கொண்டு வந்த மொத நகரம் நம்மளது. இத்தன வருஷம் கழிச்சு என் ரூட்ல தொடர்ந்து ஒரு கிலோமீட்டர் சைக்கிள் பாதை கூட நான் பாக்கல. அவங்களுக்கும் எழுதுவேன், எழுதிட்டு தான் இருக்கேன். ஆனா ரோடு போட டெண்டர் விடணும், நெலம் வேணும், மெட்ரோ வேலை முடியணும். உங்க கேட்டுக்கு உள்ள யாரு டெண்டர் விடணும்? அந்த 100 மீட்டர் முழுக்க உங்க நெலம், உங்க முடிவு. இன்னொண்ணும் சொல்றேன், எங்க ஆபீஸ்ல என்ன பாத்து மூணு பேர் சைக்கிள் வாங்கினாங்க, இப்போ ஒருத்தர் தான் ஓட்டுறார். விட்ட ரெண்டு பேரும் ரோட்ட பத்தி ஒரு வார்த்தை சொல்லல. ஒருத்தர் ரேம்ப்ப சொன்னார், ஒருத்தங்க துணி மாத்த எடம் இல்லன்னாங்க.

நான் தினம் எட்டே காலுக்கு கேட்டுக்கு வருவேன், திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும், லேட் ரிலீஸ் இல்லாத நாள் எல்லாம். உங்கள்ல யாராவது ஒருத்தர் ஒரே ஒரு நாள் அந்த நேரத்துக்கு வெளிய வந்து நில்லுங்க. நான் சைக்கிள தள்ளிட்டு வர்றேன், என் கூட நடந்து வாங்க, கம்பி மூடிய காட்டுறேன், ரேம்ப்ப காட்டுறேன், பூட்டின ஷவர் ரூம காட்டுறேன். அப்புறம் பின்னாடி சந்துக்கு போலாம். எட்டரைக்கு ஷிஃப்ட் மாறும், அந்த அக்கா அங்க தான் இருப்பாங்க, ஸ்டாண்டு எங்க வந்தா நல்லதுன்னு மொதல்ல அவங்க கிட்ட கேளுங்க, ஏழு வருஷமா வர்றவங்களுக்கு என்ன விட நல்லா தெரியும்.

இப்படிக்கு,
கீழ்க்கட்டளைல இருந்து சைக்கிள்ல வேலைக்கு வர்ற ஒரு ஊழியர்